மூன்று மூடி ஐசிங்

தராசு மேடத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்று யாராவது சொன்னால், ஒன்று அவருக்குக் காது கேட்காது, இல்லை அவர் பொய் சொல்கிறார். வாய்வரை வந்துவிட்ட கேக் துண்டைப் பார்த்து, "முந்நூத்தி நாப்பது" என்பாள். திட்ட மாட்டாள், தடுக்க மாட்டாள். எண்ணைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தன் தட்டைப் பார்ப்பாள். கேட்டவர்தான் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவதா, தட்டுக்கே திருப்புவதா என்று தெரியாமல் விழிப்பார்.

அவளைக் குறை சொல்லி என்ன பயன், தொழில் அப்படி. உணவுப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆய்வாளர். பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் யாரும் படிக்காத ஒரு கட்டம் இருக்குமே, கொழுப்பு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, புரதம் இவ்வளவு என்று? அந்தக் கட்டத்துக்குள் எண்ணை நிரப்பித் தருவதுதான் அவள் வேலை. பிஸ்கட் வந்தாலும் சரி, சீஸ் வந்தாலும் சரி, முதலில் எடை. பிறகு மிக்ஸி. அரைத்ததில் ஒரு பங்கைக் காயவைத்தால் தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். ஒரு பங்கை உலையில் வைத்துச் சாம்பலாக்கினால் உப்பும் தாதுக்களும் எவ்வளவு என்று தெரியும். ஒரு பங்கிலிருந்து கொழுப்பை மட்டும் கரைத்து எடுப்பார்கள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, இத்தனை கலோரி என்று எழுதி, கீழே கையெழுத்து. ஊரே கொண்டாடித் தின்கிற பண்டத்தை அவள் சாம்பலாகத்தான் பார்த்திருக்கிறாள்.

'தராசு மேடம்' என்ற பெயர் மரியாதையில் வந்ததா கேலியில் வந்ததா என்று கேட்டால், பாதிக்குப் பாதி. சோதனைக்கு வரும் மாதிரிகளைப் பிரிக்கிற மாதிரி அறையின் சுவரில் அவள் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. "டப்பாவுக்குள் வந்ததெல்லாம் மாதிரி. உதிர்ந்த தூளும் மாதிரி. மூடியில் ஒட்டியதும் மாதிரி." அதன் கீழே சிவப்பு மையில்: "மாதிரியை வாயில் வைக்கக் கூடாது." வேலைக்குப் புதிதாக வந்தவர்களை முதல் நாள் அந்த அட்டைக்கு முன்னால் நிறுத்தி, சத்தமாகப் படிக்கச் சொல்லுவாள். இரண்டு தடவை.

வீட்டில் அவளுக்கு வாய்த்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்பவர் வண்டியை எங்கே கொண்டுபோய் விட்டாலும் சிரித்த முகத்தோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை நம்பி வாழ்கிற மனிதர். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்ததில் போன வருடம் அவருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டரம்மா மாத்திரையோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்து, "சாப்பிடறதை எல்லாம் கலோரியோட எழுதுங்க, ஒரு நாளைக்கு ஆயிரத்தி எண்ணூறைத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டார். வேக வரம்பு நாற்பது என்றால் முப்பத்தொன்பதில் போகிறவர் மாஸ்டர். எழுத ஆரம்பித்தார். ஒரு ஆப்பிள் என்றாலும் எழுதினார், பாதி ஆப்பிள் என்றாலும் எழுதினார்.

மாடியில் நாத்தனார், அதாவது மாஸ்டருடைய அக்கா. தபால் அலுவலகக் கவுண்டரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் தொழிலை விடவில்லை. அவர் காதில் விழுந்த சேதி முத்திரை குத்தப்பட்டு உறவுக்காரர் வீடு ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்துவிடும். தம்பி பெண்டாட்டி மேல் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. இருபது வருடமாகத் தேடியும் அவளிடம் ஒரு தப்புகூடக் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட தராசு மேடம் தப்புப் பண்ணிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று மதியச் சாப்பாட்டை வீட்டு மேசையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். வெளியே போய் எதையாவது சாப்பிடலாம் என்றால், சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் போய் உலை அணைந்துவிட்டது. அதைச் சரிசெய்து முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. மாதிரி அறைக்குத் திரும்பினால் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி. 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சினமன் பன். பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவிச் சுருட்டிச் சுட்டு, மேலே வெள்ளையாக ஐசிங் ஊற்றியது. ஊற்றியிருந்தது என்று சொல்வதுதான் சரி. வெயிலில் தலைகீழாக வந்ததில் ஐசிங் மொத்தமும் இளகி மூடியில் போய் ஒட்டிக்கொண்டது. பன் மூன்றும் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தன.

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? மூடியிலிருந்து ஐசிங்கைச் சுரண்டி, பன்னோடு சேர்த்து எடை போட வேண்டும். சுரண்டவும்தான் போனாள். முதல் மூடியில் கரண்டியை வைத்தபோது கொஞ்சம் விரலில் பட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். விரலைத் துடைக்கத் துணியைத் தேடினாள். துணி அறையின் அந்த மூலையில் இருந்தது. வாய் பக்கத்தில் இருந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. வெண்ணெயும் சர்க்கரையும் பாலாடைக்கட்டியின் லேசான புளிப்பும், நடுவில் எங்கேயோ பட்டையின் வாசனையும். காலையிலிருந்து காப்பியைத் தவிர எதையும் பார்க்காத வயிறு, கதவைத் திறந்துவிட்டு 'உள்ளே வா' என்றது. இன்னொரு விரல். அப்புறம் கரண்டி. முதல் மூடி பளிச்சென்று ஆன பிறகு, ஒன்றில் மட்டும் ஐசிங் இல்லாமல் இருந்தால் மூன்று மாதிரியும் ஒன்றுபோல் இருக்காதே என்ற விஞ்ஞான நோக்கில் இரண்டாவது மூடி. மூன்றாவதற்குக் காரணம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. நக்கிவிட்டாள்.

பிறகுதான் சுவரில் இருந்த அட்டை கண்ணில் பட்டது.

உடனே வெளியே வந்து, மாதிரி கெட்டுவிட்டது, வேறு அனுப்பச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எப்படிக் கெட்டது என்று கேட்பார்களே. விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தாள். 'சினமன் பன், மூன்று' என்று இருந்தது. ஐசிங் என்ற சொல்லே இல்லை. பன்னைத்தானே கேட்டிருக்கிறார்கள், பன்னைச் சோதித்துக் கொடுத்தால் போயிற்று. பசித்த வயிறு நிறைந்த பிறகு மனிதருக்கு வருகிற புத்திசாலித்தனம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. எடை போட்டாள்: ஒரு பன் தொண்ணூற்றொரு கிராம். அரைத்தாள், காயவைத்தாள், எரித்தாள். ஒரு பன்னுக்கு இருநூற்று ஐம்பத்தெட்டு கலோரி. கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மறந்துவிட்டாள் என்று சொன்னால் பொய். நினைக்காமல் இருந்தாள்.

ஒரு மாதம் கழித்து, சாயங்காலம் மாஸ்டர் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். கையில் ஓர் அட்டை டப்பா, அதற்குள் ஆறு சினமன் பன்.

"இங்க பாரு. நம்ம ஸ்கூல் பக்கத்து பேக்கரியில போட்டிருக்காங்க. பின்னாடி ஸ்டிக்கரைப் படி. எரநூத்தி அம்பத்தெட்டு. கீழ யாரு பேரு? உங்க பரிசோதனைக்கூடம்."

மேடம் டப்பாவை வாங்கி, ஸ்டிக்கரைப் பார்ப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் எதுக்குங்க உங்களுக்கு? மைதா மாவு."

"மைதாவும் சேர்த்துத்தானே எரநூத்தி அம்பத்தெட்டு?"

"பல்லுக்கு ஆகாது."

"பல்லுக்கு டாக்டரம்மா நோட்டு குடுக்கலையே. நாலு மணிக்கு நான் திங்கற பிஸ்கட்டும் வாழைப்பழமும் முந்நூறு வருது. அதை விட்டுட்டு இதைச் சாப்பிட்டா நாப்பத்திரெண்டு மிச்சம்." மாஸ்டர் நோட்டைத் திறந்து காட்டினார். "வாழ்க்கையில மொத தடவையா உன் நம்பரு எனக்கு ஒரு நல்லது பண்ணியிருக்கு. அதைப் போயி கெடுக்கறியே."

சத்தம் கேட்டு இறங்கி வந்த நாத்தனார் ஒரு பன்னை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, இவ்வளவு ருசியா இருந்தும் இவ்வளவுதானா! இவ கையெழுத்துப் போட்டா தப்பா இருக்காது, தைரியமா சாப்பிடுடா" என்றார். இருபது வருடத்தில் நாத்தனார் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அதை இந்த விஷயத்துக்கா வாங்க வேண்டும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாஸ்டர் குளிக்கப் போன நேரம் பார்த்து, குளிர்பெட்டியிலிருந்த ஒரு பன்னை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தாள். நூற்று முப்பத்திரண்டு. தொண்ணூற்றொன்றைக் கழித்தால் நாற்பத்தொரு கிராம் ஐசிங். அதில் வெண்ணெய் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று அவளுக்கு நாக்கே சொல்லியிருந்தது. மனசுக்குள் போட்ட கணக்கு நானூற்று ஐம்பத்திரண்டில் வந்து நின்றது.

அன்றே சொல்லியிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். 'அந்த நம்பர் தப்புங்க' என்ற முதல் வாக்கியம் சுலபம்தான். அடுத்து அவர் 'எப்படி?' என்பார். அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொண்டது. தவிர, மாடியில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனவே தராசு மேடம் புத்தியைத் தீட்டினாள். எண்ணை மாற்ற முடியாவிட்டால் பன்னை மாற்றினால் என்ன?

மறுநாள் விடிந்ததும் வெண்ணெய் தடவும் கத்தியோடு குளிர்பெட்டி முன்னால் நின்றாள். மாஸ்டர் புதிதாக வாங்கி வைத்திருந்த ஆறு பன் மேலிருந்த ஐசிங்கையும் நேர்த்தியாக வழித்தாள். சந்தேகம் வராதிருக்க மேலே ஒரு பூச்சு மட்டும் விட்டுவைத்தாள். வழித்தது இந்தத் தடவை குப்பைத்தொட்டிக்குத்தான் போனது. சத்தியமாக.

மாஸ்டர் சும்மா விடுகிற ஆளா? நாலாம் நாள் பேக்கரிக்காரரிடமே போய்விட்டார். "என்னங்க, வாங்கும்போது ஐசிங் நல்லாத்தான் தெரியுது, வீட்டுக்குப் போனா ஒண்ணுமே இல்லை. குளிர்ல சுருங்கிடுதோ?" பேக்கரிக்காரர் மானஸ்தர். வாடிக்கையாளர் முகம் வாடியதைப் பொறுக்காமல், அன்றிலிருந்து மாஸ்டருடைய பன்னுக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றித் தந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், சுருங்கிவிடும், கடையிலேயே சூடாகச் சாப்பிட்டுவிடுங்கள் என்று யோசனையும் சொன்னார். கத்தி வேலையற்றுப் போனது. நாலு மணிப் பன்னோடு பதினொரு மணிக்கும் ஒரு பன் சேர்ந்தது. நோட்டில் இரண்டு இடத்தில் இருநூற்று ஐம்பத்தெட்டு. தினமும் கூட்டினால் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். மாஸ்டர் பூரித்துப்போனார். இடுப்பு வாரில் ஒரு துளை தள்ளிப் போட வேண்டி வந்ததை, வாரின் தோல் பழசு, சுருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டார்.

மேடம் என்ன செய்தாள்? ஆரஞ்சு வாங்கி வைத்தாள். சாயங்காலம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தக் கடையில் கை கழுவுகிறார்களோ என்னவோ என்று ஒரு நாள் இழுத்தாள். "நான் அடுப்படி வரைக்கும் போய்ப் பார்த்துட்டேன், நம்ம வீட்டைவிட சுத்தம்" என்று மாஸ்டர் வாயை அடைத்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வாரங்களைத் தள்ளினாள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து.

பத்தாவது வாரம் ரத்தப் பரிசோதனை. மாஸ்டர் தனியாகத்தான் டாக்டரம்மாவிடம் போனார், பரிசு வாங்கப் போகிறவர்போல நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு. திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏறியிருக்கு. நல்லாவே ஏறியிருக்கு. நோட்டைப் பக்கம் பக்கமா பார்த்தாங்க. சாப்பாடு சுத்தமா இருக்கு, மாத்திரை முழு அளவு குடுத்தாச்சு, அப்படியும் ஏறுதுன்னா இனிமே ஊசிதான்னு சொல்லிட்டாங்க. தெனமும். நானே எனக்குக் குத்திக்கணுமாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, கத்துக்குடுக்க."

எதிரே லாரி வரும்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட பெண்மணிக்குக்கூடப் பதறாமல் பிரேக் போட்டவர் அவர். ஆனால் ஊசி என்றால் ஒன்பது வயதுப் பையன். தடுப்பூசி வரிசையிலேயே மயங்கி விழுந்த வரலாறு உண்டு. அன்று அவர் பயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்கேன். நான் எங்க தப்புப் பண்ணினேன்னு நீயாவது பார்த்துச் சொல்லேன். உனக்குத் தெரியாததா?"

நோட்டை அவள் கையில் கொடுத்தார். கோணல் மாணலான அவர் கையெழுத்தில் பக்கத்துக்கு இரண்டு தடவை அவளுடைய எண். வாங்கிக்கொண்டு, "பார்க்கறேன்" என்றாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அன்றும் அவள் சொல்லவில்லை என்பதை நான் பூசி மெழுக விரும்பவில்லை.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே போனாள். டாக்டரம்மா பேனா மாதிரி இருந்த ஊசியைக் காட்டி, அளவை எப்படித் திருப்புவது என்று விளக்கினார். மாஸ்டர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி தலையாட்டினார். சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க என்று டாக்டரம்மா சொன்னதும், ஒரு பொத்தானைக் கழற்றினார். இரண்டாவது பொத்தானில் அவர் விரல் நின்றுவிட்டது.

"வேணாம் டாக்டர்" என்றாள் மேடம்.

"பயப்படாதீங்க மேடம், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"அதுக்கில்ல. நோட்டு தப்பு. அந்த பன்னு எரநூத்தி அம்பத்தெட்டு இல்ல. நானூத்தி அம்பத்திரெண்டு. இவருக்குப் போடற பன்னு அதுக்கும் மேல. தெனமும் ரெண்டு சாப்பிடறாரு."

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். "ஸ்டிக்கர்ல அப்படித்தானே போட்டிருக்கு? உங்க பரிசோதனைக்கூடம்னு சார் பெருமையா சொன்னாரே."

"அந்த ஸ்டிக்கருக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான். ஐசிங் இல்லாம சோதனை பண்ணிட்டேன்."

"ஐசிங் என்ன ஆச்சு?"

மேடமும் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டேன்" என்றாள்.

டாக்டரம்மா நாகரிகம் தெரிந்தவர். முகத்தை மேசைப் பக்கம் தாழ்த்திக்கொண்டு, ரொம்ப நேரம் எதையோ தேடினார். தோள் மட்டும் குலுங்கியது. நிமிர்ந்தபோது குரல் சரியாகத்தான் இருந்தது. ஊசி இப்போது வேண்டாம், பன்னை அடியோடு நிறுத்திவிட்டு மூன்று மாதம் பார்ப்போம், அப்போதும் இறங்காவிட்டால் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஊசி தப்பியது என்று மாஸ்டர் துள்ளிக் குதிப்பார், நக்கிய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், வருடக்கணக்காக வாங்கிய எண்களுக்கெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுப்பார் என்று மேடம் எதிர்பார்த்தாள். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் காரில் ஏறினாள். மாஸ்டர் வாயே திறக்கவில்லை. வண்டி ஓட்டும்போது பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர். சிவப்பு விளக்கில் நிறுத்தியதும் நேரே பார்த்தபடி கேட்டார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"வாங்கிட்டு வந்த அந்த வாரமே. எடை போட்டுப் பார்த்தேன்."

"குளிர்ல ஐசிங் சுருங்கினது?"

"நான்தான் வழிச்சேன்."

"எங்க தப்புப் பண்ணினேன்னு உன்கிட்ட நோட்டைக் குடுத்தேனே, அன்னிக்கு?"

"தெரியும்."

பச்சை விழுந்தது. பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்த பிறகுதான் மாஸ்டர் நகர்ந்தார். பசியில் எதையோ தின்றுவிட்டதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தன் உடம்பே தன்னை ஏமாற்றுகிறது என்று அவர் நாலு நாளாகத் தூங்காமல் கிடந்தபோது, பக்கத்தில் படுத்திருந்தவளுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. அது அவருக்கு வலித்தது. வலிக்காமல் இருக்குமா? அவளுக்கும் அது விளங்கியது. 'மன்னிச்சிருங்க' என்றாள். "ம்" என்றார். அந்த "ம்" எந்த வகை என்று இருபது வருடம் குடித்தனம் நடத்தியும் அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பரிசோதனைக்கூடத்தில், 'தவறு அறிக்கை' என்று ஒரு படிவம் கேட்டு வாங்கினாள். அப்படி ஒரு படிவம் இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. பூர்த்தி செய்து மேலாளரிடம் கொண்டுபோனாள். மேலாளர் நல்லவர். அவளுக்கு இரண்டு வருடம் இளையவர், அவளிடம் வேலை கற்றவர். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேடம், இப்படி எழுதணுமா? பெட்டி தலைகீழா வந்ததுன்னு நீங்களே சொல்றீங்க. 'மாதிரி வழியில் சேதம்'னு எழுதினா போதும். அது பொய்யும் இல்லையே."

"பாதிதான் நிஜம்."

"பாதி போதுமே."

"பாதிய எழுதித்தான் சார் இங்க வந்து நிக்கறேன்."

மேலாளர் விடவில்லை. பென்சிலை எடுத்துக் கடைசிக் கட்டத்தைத் தட்டினார். 'இதனால் பாதிக்கப்பட்டவர்' என்று இருந்த இடம். "இதையாவது மாத்துங்க. இங்க வாடிக்கையாளர் பேரைத்தான் எழுதுவாங்க. பேக்கரி பேரு இருக்கு, சரி. அதுக்கு மேல இதை எழுத விதியில இடமில்ல."

"இடம் இருந்துச்சு. எழுதிட்டேன்."

மாற்றவில்லை. ஆறு மாதம் அறிக்கைகளில் கையெழுத்துப் போடும் உரிமை போய், வாசலில் மாதிரிகளை வாங்கிப் பதிவு செய்கிற மேசைக்கு அனுப்பப்பட்டாள். பேக்கரிக்கு அவளே நேரில் போய்ச் சொன்னாள். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அடடா! நான் போடற வெண்ணெய்க்கு இது கம்மியா இருக்கேன்னு அப்பவே நெனச்சேன். படிச்சவங்க சொல்றாங்க, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சுடச்சுட ஒரு பன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று உபசாரம் வேறு. ஓடி வந்துவிட்டாள்.

வீட்டில் மாஸ்டர் மூன்று நாளாக அளந்துதான் பேசினார். சாப்பாடு இருக்கா, இருக்கு. கதவைச் சாத்தினியா, சாத்தினேன். நான்காம் நாள் சாயங்காலம், அவர் மேசையில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, படிவத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். வாயால் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விதிமுறைப் புத்தகம் படிக்கிறவர்போல முதல் வரியிலிருந்து படித்தார். 'நடந்தது: மாதிரியின் ஒரு பகுதியை ஆய்வாளர் தின்றுவிட்டார். அளவு: மூன்று மூடிகள், நூற்று இருபத்து மூன்று கிராம். காரணம்: பசி, பிறகு ஆசை. மறைத்ததற்குக் காரணம்: வெட்கம்.' மெதுவாகக் கீழே வந்தார். 'இதனால் பாதிக்கப்பட்டவர்: முதலாவது, என் கணவர். இரண்டாவது, பேக்கரி.'

அந்தக் கடைசி வரியை அவர் விரலை வைத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மேடம் ஒரே தட்டை மூன்றாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மூணு மூடியையுமா?" என்றார்.

"மூணையும்" என்றாள் திரும்பாமல்.

"டாக்டரம்மாகிட்ட சொன்னப்ப ஏதோ ஒரு வாய்னு நெனச்சேன்டி. நூத்தி இருவத்தி மூணு கிராமா?"

"ஐநூத்தி எம்பத்திரெண்டு கலோரி. படிவத்துல அந்தக் கட்டம் இல்லாததால எழுதல."

முதலில் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேடம் ஈரக் கையோடு திரும்பி நின்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நாத்தனார் வாசலில் வந்து நின்றார், மூக்கு முன்னே, கண் பின்னே. "என்னடா இது, தெருவே கேக்குது? இவ எதுக்கு அழுதுட்டு நிக்கறா?"

இருபது வருடமாக இந்த ஒரு சேதிக்காகத்தான் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நாத்தனார் காத்திருந்தார். மாஸ்டர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லக்கா. வண்டி கத்துக்க வந்த ஒரு அம்மா, என்னைப் பக்கத்துல ஒக்கார வச்சிக்கிட்டே கொண்டுபோய் சுவத்துல விட்டுட்டாங்க."

"அதுக்கா இந்தச் சிரிப்பு? உனக்கு அடி கிடி பட்டுச்சா?"

"பட்டுச்சு, கொஞ்சம். ஆனா இத்தனை வருஷத்துல, பிரேக் சரியில்லை, ரோடு சரியில்லைன்னு சொல்லாம, கீழ எறங்கி வந்து தப்பு என்னுதுதான்னு எழுதியே குடுத்தது அந்த ஒரு அம்மாதான்."

"யாருடா அது?"

"உனக்குத் தெரியாதவங்கக்கா" என்றார் மாஸ்டர்.